வர்க்கிப் பெட்டிக்கு எழுத்து போட்ட கதை

போன வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவில் ஊட்டியிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். மார்க்கெட் பக்கம் அவர்கள் பேக்கரி. முன்னால் கடை, பின்னால் விறகு அடுப்பு. அவருடைய அப்பா சின்ன வயசிலிருந்து வர்க்கி போடுகிறவர். கல்லாவும் கணக்கும் இப்போது மகள் கையில். "பெட்டி மாத்தணும், போர்டும் மாத்தணும் தம்பி. எழுத்து கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும். குழந்தைங்க பார்த்ததும் கையை நீட்டணும்" என்றார். நான் குன்னூரில் உட்கார்ந்து கடைப் போர்டு, டீத்தூள் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று வருகிற வேலையைச் செய்கிறவன். நாலு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாய் விட்டேன். மாசி வரை இழுத்தது. எதனால் இழுத்தது என்பதை எழுதி வைக்கிறேன். அலங்கார எழுத்தைத் தமிழில் எடுத்துப் புழங்குகிற வேறு யாருக்காவது உதவும்.

கடைப் பெயரை விட்டுவிடுகிறேன். எங்களைப் பாடாய்ப் படுத்தியது 'ஊட்டி வர்க்கி' என்ற இரண்டே சொல். ஏழு எழுத்து, அதில் மூன்று புள்ளி.

வர்க்கி தெரியாதவர்களுக்கு: மைதா, சர்க்கரை, நெய்யோ வனஸ்பதியோ, கூடவே புளித்த மாவு. பிசைந்து, மடித்து மடித்து அடுக்காக்கி, அடுப்பில் நன்றாகக் காயச் சுடுவது. பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கடித்தால் பொலபொலவென்று உதிர்ந்து சட்டையெல்லாம் தூளாகும். டீயில் முக்கித் தின்பதுதான் இங்கே வழக்கம். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து மலையேறி வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். கேரளத்திலிருந்து வருகிறவர்கள் மட்டும் போர்டைப் பார்த்து ஒரு நிமிஷம் குழம்புவது உண்டு. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களில் வர்க்கி என்பது ஆளின் பெயர். "வர்க்கிச் சேட்டன் எங்கே?" என்று கல்லாவில் கேட்டவர்கள் இருக்கிறார்களாம்.

வால் முளைத்த எழுத்து

அக்காவே ஒரு ஃபாண்டை, அதாவது கம்ப்யூட்டரில் தட்டுகிற எழுத்து வடிவத்தை, தேடிப் பிடித்து வைத்திருந்தார். இணையத்தில் எங்கேயோ இலவசமாகக் கிடைத்தது. யார் செய்தது என்ற விவரம் அதில் இல்லை. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் ஒரு சுருள். கொடி சுற்றிப் படர்கிற மாதிரி. ஒன்று மேலே துள்ளும், ஒன்று கீழே இறங்கும். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் மயங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஏ4 தாளில் பெரிதாக அச்செடுத்துக் கடையில் ஒட்டினோம். அக்காவின் பாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, "ஊட்டீ வர்க்கீ" என்று படித்தார். பேரன் சிரித்தான். பாட்டி படித்ததில் தப்பே இல்லை.

கிட்டே போய்ப் பாருங்கள். 'கி' என்றால் க-வின் தலையிலிருந்து ஒரு மேல்விலங்கு கிளம்பி வளைந்து இறங்கும். அதன் நுனியில் ஒரு சின்னச் சுழி போட்டால் அது 'கீ'. குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே இருப்பது அந்தச் சுழி ஒன்றுதான். இந்த ஃபாண்டைச் செய்தவர் அழகுக்காக 'கி'யின் நுனியைச் சுருட்டிவிட்டார். 'டி'க்கும் அதே கதி. 'கீ'க்கு இன்னொரு சுற்று கூடுதலாகச் சுருட்டியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். தனியாக ஒரு பெட்டியின் மேல் 'கி' மட்டும் நின்றால் எவருக்குத் தெரியும்?

ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு எவ்வளவு நீள வால் வைத்தாலும் பெரும்பாலும் அது அதே எழுத்தாக இருக்கும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒ-வின் அடியைச் சுழித்தால் ஓ. ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்தால் இரட்டைக் கொம்பு. 'தெ' போய் 'தே' வந்துவிடும். சுழி நமக்கு எழுத்தின் உறுப்பு. ஆங்கில அலங்கார எழுத்தைப் பார்த்து அதே இடங்களில் சுருள் ஒட்டினால், மூக்கில் இன்னொரு மூக்கு வைத்த மாதிரிதான்.

அந்த ஃபாண்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. 'ர்' எழுத்தின் கீழே சாய்ந்து இறங்குகிற பாதத்தைத் துள்ளல் என்ற பெயரில் மேலே தூக்கிச் சுருக்கியிருந்தார்கள். பாதம் போனால் ர வெறும் கால் ஆகிவிடும். 'வர்' என்பது 'வா' மேல் புள்ளி வைத்ததாகத் தெரிந்தது. இது பழைய நோய். தட்டச்சு செய்கிறவர்கள் ர் போட வேண்டிய இடத்தில் காலைப் போட்டுப் புள்ளி வைப்பதை இன்றும் பார்க்கலாம். பல ஃபாண்டுகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கடையின் வாட்ஸப் விலைப்பட்டியலிலேயே அப்படித்தான் இருந்தது. தேடினால் 'வர்க்கி' கிடைக்காது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன்.

தம்பி வந்தான்

அடுத்ததாக நான் எடுத்துப் போனது பாலூ தம்பி என்ற ஃபாண்ட். மும்பையின் எக் டைப் குழு செய்த பாலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை. 2016ல் கூகுள் ஃபாண்ட்ஸில் வந்தது. இந்தியில் பாலூ என்றால் கரடி. பெயருக்கேற்ற உடம்பு: தடித்த கோடு, உருண்ட முனை, தடிமனில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் அந்தந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சொல்லை வைத்திருக்கிறார்கள். தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், கன்னடத்துக்குத் தம்மா, தெலுங்குக்குத் தம்முடு, வங்காளத்துக்கு தா. மூன்று மாநிலமும் முட்டிக்கொள்கிற மாவட்டத்தில் கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றையும் ஒரே சாயலில் ஒரே போர்டில் நிறுத்தலாம். முதலில் ஒரே தடிமனில் வந்தது. பாலூ 2 என்ற பிந்தைய பதிப்பில் சாதாரணத்திலிருந்து மிகத் தடித்தது வரை ஐந்து தடிமன் உண்டு. ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸில் வருவதால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், காசு கிடையாது. ஃபாண்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவே.

இதில் சுழி போட வேண்டிய இடத்தில் சுழி, போடக் கூடாத இடத்தில் வெறும் உருண்ட முனை. பாட்டி தடுமாறாமல் படித்தார். எனக்கு வேலை முடிந்த நிம்மதி. அக்காவின் அப்பாவான பெரியவரிடம் தாளை நீட்டி, "ஐயா, இது பாலூ தம்பி" என்றேன்.

"எந்தத் தம்பி?"

"எழுத்தோட பேருங்க."

தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே வைத்துப் பார்த்தார். "என்ன தம்பி, எல்லாம் உப்பிப் போய் இருக்கு? சோடா உப்பு தூக்கலா விழுந்துடுச்சா?" அடுப்படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இது பன்னுக்கு எழுதுற எழுத்து. அமுக்கினா உள்ளே போகும். வர்க்கி அமுக்கினா உடையும்ல?"

நான் அன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். கேத்தி தாண்டுவதற்குள் அவர் சொன்னது சரி என்று பட்டுவிட்டது.

விளையாட்டான எழுத்து என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விளையாட்டில் எத்தனை வகை! உருண்டு தடித்த எழுத்து மெத்தென்ற பண்டத்தைச் சொல்லும்: பன், பஞ்சு மிட்டாய், பொம்மைக் கரடி. முனை கூர்ந்து சாய்ந்து ஓடுகிற எழுத்து வேகத்தைச் சொல்லும். கையால் கிறுக்கியது போன்ற எழுத்து வீட்டுப் பண்டத்தைச் சொல்லும். ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் கடைகள் அதை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். அக்கா கேட்டது ஜாலி. பெரியவர் கேட்டது மொறுமொறுப்பு. இரண்டும் ஒரே எழுத்தில் வர வேண்டும்.

வேறு சில ஃபாண்டுகளையும் போட்டுப் பார்த்தோம். அரிமா மதுரை மென்மையான எழுத்து, வளைவில் ஒரு தூரிகை நளினம் இருக்கிறது. பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், அடுப்புக்கரி வாசம் அதில் வராது. கவிவனர் சாய்ந்த கையெழுத்து. கடிதம் போல இருந்ததே தவிரப் பெட்டி போல இல்லை. காயினி மறுபடியும் உருண்டை. ஐயாவிடம் காட்டவே பயமாக இருந்தது.

அடுக்கு உள்ளே போனது

குன்னூரில் எனக்குத் தெரிந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர் உண்டு. எஸ்டேட் போர்டு, லாரி நெற்றி, சுவர் விளம்பரம் என்று காலமெல்லாம் பிரஷ் பிடித்தவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டார். அவரிடம் சுருள் எழுத்தையும் உருண்டை எழுத்தையும் காட்டிப் புலம்பினேன். சுருள் எழுத்தை ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "வெளியில ஏம்ப்பா நோண்டுறே? வெளிக்கோடு எழுத்தோட சொத்து. நமக்குன்னு உள்ள இடம் வயிறுதான். அங்க என்ன வேணா பண்ணு."

பழைய கடைப் போர்டுகளை நினைத்துப் பாருங்கள். எழுத்தின் உள்ளே பாதிக்கு ஒரு நிறம், பாதிக்கு ஒரு நிறம்; நடுவில் வெள்ளைக் கோடு; ஓரமாக மினுக்கு; பின்னால் நிழல். வெளி உருவத்தில் கை வைக்காமல் எத்தனை கூத்து! தமிழ் போர்டு ஆர்ட்டிஸ்டுகள் அலங்காரத்தைக் கோட்டின் தடிமனுக்குள்ளே வைத்தார்கள். எழுத்து மாறிவிடாமல் ஆடுவதற்கு அதுதான் இடம்.

ஆகவே கையால் வரைந்தோம். முதல் வேலையாக எந்த அலங்காரமும் இல்லாமல் ஏழு எழுத்தையும் கறுப்பு நிழலுருவமாக வரைந்து, அது மட்டும் படிக்க வருகிறதா என்று பார்த்தேன். கோடு தடிப்பு, ஆனால் முனை உருளை இல்லை. சற்றே உடைந்த மாதிரி, கோணல் வெட்டு. அடிக்கோட்டில் லேசான ஆட்டம் வைத்தேன். 'ர்' பாதத்தை மட்டும் தாராளமாகவே இறக்கிவிட்டேன். பிறகு ஒவ்வொரு கோட்டின் உள்ளும் நீளவாக்கில் மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகள், வர்க்கியை உடைத்தால் பக்கவாட்டில் தெரிகிற அடுக்கு போல. ஸ்கேல் வைத்த கோடு இல்லை; நடுங்கி, இடையில் அறுந்து, முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும்.

ட வரையச் சுகமான எழுத்து. இறங்கி, திரும்பி, முடிந்தது. அடுக்குக் கோடுகளும் அப்படியே ஒரு மூலை திரும்பினால் போதும். க அப்படி இல்லை. படுக்கைக் கோடும் நிற்கும் கோடும் குறுக்கே வெட்டுகிற இடத்தில் அடுக்கும் அடுக்கும் மோதிக் கொசகொசவென்று ஆனது. பாய் முடைகிற மாதிரி எது மேலே போகிறது, எது அடியில் போகிறது என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் நிற்கும் கோட்டை மேலே ஓடவிட்டு, படுக்கைக் கோட்டை அதன் இரண்டு பக்கமும் அறுத்தேன். அந்த ஒரு வெட்டுத்தான் மொத்தத்துக்கும் மொறுமொறுப்பைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

கழுத்தை அறுத்தது ஊ. உ-வின் மடியில் ஒரு குட்டி ள உட்கார்ந்திருக்கும். பெரிய உ-வுக்குப் போட்ட தடிமனையே குட்டிக்கும் போட்டால் உள்ளே காற்றுப் போக இடமில்லாமல் அடைத்துப் போகும். மெலிதாக்கினால் யாரோ பின்னால் வந்து ஒட்டிய மாதிரி இருக்கும். ஒரு வாரம் போனது. குட்டி ள-வுக்கு அடுக்கே வேண்டாம், வெறும் கறுப்பு, தடிமன் கொஞ்சம் குறைவு என்று முடித்தேன். ஊட்டி என்று பெயர் வைத்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த எழுத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. உதகமண்டலம் என்று போட்டால் தப்பிக்கலாம். பெட்டி அகலம் பத்தாது.

நடுவில் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. பெட்டியின் ஓரத்தில் 'மலையிலிருந்து' என்று ஒரு வரி, அதில் லை-யைப் பழைய வடிவத்தில், யானைத் தும்பிக்கை வைத்துப் போட வேண்டும் என்று. 1978ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய வடிவம். பெரியவர் எழுதிப் பழகியது. விளையாட்டு எழுத்துக்கு அதைவிட அருமையான உருப்படி தமிழில் இல்லை. தும்பிக்கையை எங்கே வேண்டுமானாலும் தூக்கலாம். பெரியவர் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஐந்தாம் வகுப்புப் பேரனுக்கு அது என்ன எழுத்து என்றே தெரியவில்லை. குழந்தைகளைக் கூப்பிடுகிற பெட்டியில் குழந்தைக்குத் தெரியாத எழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மனசில்லாமல்தான்.

பெட்டிக்கு வேறு தலைவலி. பிளாஸ்டிக்குத் தடை உள்ள மாவட்டம் இது; எல்லாம் காகிதமும் அட்டையும்தான். அக்கா தேர்ந்தெடுத்தது பழுப்பு கிராஃப்ட் அட்டை. அழகான அட்டை, ஆனால் மையைக் குடிக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நிற்கிற மாதிரி மை விளிம்பில் நிற்காது, நாருக்குள் ஊறிப் பரவும். மாதிரி அச்சு வந்தபோது மூன்று அடுக்கில் இரண்டு காணாமல் போயிருந்தது. மிச்சம் இருந்த ஒன்றும் அழுக்குக் கீறல் போல இருந்தது. வெள்ளை மேல் கறுப்பாகத் திரையில் பார்த்த எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தத் தொல்லை இந்த உருவத்தில் வந்திருக்காது. ஒவ்வோர் அளவுக்கும் தனியாக எழுத்து வெட்டினார்கள். சின்ன அளவில் இடைவெளியைக் கூட்டி, கோட்டைச் சற்றுத் திடமாக்கி வெட்டுவது அவர்களுக்கு வாடிக்கை. கம்ப்யூட்டர் வந்து ஒரே வரைபடத்தை எறும்பு அளவுக்கும் யானை அளவுக்கும் இழுக்கலாம் என்று ஆனபிறகு நாம் அதை மறந்துவிட்டோம். நானும் பழைய வழிக்கே திரும்பி மூன்றாக வரைந்தேன். போர்டுக்கு மூன்று அடுக்கு. பெட்டிக்கு ஒரே அடுக்கு, அதுவும் திரையில் பார்த்தால் அசிங்கமாகத் தெரிகிற அளவு அகலமாக. மை ஊறி வந்து நிற்கும்போது சரியாக இருக்கும். லேபிளுக்கும் பேப்பர் பையில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்புக்கும் அடுக்கே கிடையாது, வெறும் நிழலுருவம். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு என்று தெரியும். கடையில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

குரங்கு எடுத்த புள்ளி

போர்டில் தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகளுக்கு உள்ள விதி. நிறையப் பேர் முணுமுணுப்பார்கள். எனக்கு இது நல்ல காலம்: பெரிய எழுத்து நம்முடையது, ஆட்டமெல்லாம் அதில் ஆடலாம். கீழே ஆங்கிலமும் மலையாளமும் கன்னடமும் அடக்கமாக நின்றால் போதும். அந்த வரிகளுக்குப் பாலூ குடும்பத்தில் மெல்லிய தடிமனையே எடுத்தேன். தலைப்பு கரடுமுரடு, அடியில் மெத்தென்று. சண்டை போடவில்லை.

மூடுபனிதான் இங்கே போர்டுக்குப் பரீட்சை. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எதிர்ப் பக்கக் கடை வாசலில் நின்று பார்த்தேன். பனி இறங்கியிருந்தது. அடுக்குக் கோடு ஒன்றும் தெரியவில்லை. 'ஊட்டி வர்க்கி' மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பத்து மணிக்கு வெயில் வந்ததும் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நிழலுருவத்தை முதலில் வரைந்ததற்குக் கூலி கிடைத்தது அப்போதுதான். குன்னூர் ஸ்டேஷன் பெயர்ப் பலகை மஞ்சளில் கறுப்பாக எந்தப் பனியிலும் தெரிகிறதே என்று சின்ன வயசில் வியந்திருக்கிறேன். அந்தப் பலகை எழுத்தில் அலங்காரம் என்று ஒரு முடி கூட இல்லை.

போர்டை அக்ரிலிக்கில் வெட்டி, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகத் திருகாணி போட்டு மாட்டியிருந்தார்கள். நான் ஊரில் இல்லாத நாள். புள்ளி எழுத்தோடு ஒட்டாதது, அதனால் மூன்று புள்ளியும் மூன்று தனித் துண்டு, ஆளுக்கொரு திருகாணி. தேன்நிறத்தில், உருண்டையாக, அப்பட்டமாக பிஸ்கட் போல இருந்தன. மூன்றாம் நாள் காலையில் க் மேல் இருந்த புள்ளியைக் காணவில்லை. குரங்குதான் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். ஷெட் மேல் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டு எறிந்ததாம். போர்டு 'ஊட்டி வர்ககி' என்று நின்றது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பார்கள். படிக்கிறவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். இதை நான் அக்காவுக்கு ஆறுதலாகச் சொல்லப் பார்த்தேன். எடுபடவில்லை. "முப்பதாயிரம் ரூபா போர்டுங்க" என்றார்.

தப்பு என்னுடையது. மாட்டுகிறவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுத்தெல்லாம் ஒரே பின்பலகையில் உட்கார வேண்டும் என்று மாற்றினோம். பின்பலகையை எழுத்தின் வெளிவிளிம்பைத் தொடர்ந்து மேக வடிவில் வெட்டினோம், புள்ளியும் அதற்குள் அடங்கிவிட்டது. திருகாணி எல்லாம் பலகையின் முதுகில். தனியாகப் பிடுங்க ஒன்றும் இல்லை. புள்ளியின் நிறத்தையும் எழுத்தின் கரும்பழுப்புக்கே மாற்றினேன். அதற்குப் பிறகு குரங்குகளுக்கு எங்கள் எழுத்தில் அக்கறை போய்விட்டது.

புள்ளி விஷயத்தில் இன்னொன்று. பெட்டியில் மூன்று புள்ளியையும் பச்சையாகப் போடலாம், டீ இலை மாதிரி இருக்கும் என்று அக்கா கேட்டார். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவ உணவு என்று அர்த்தம். அந்தக் குறி அதே பெட்டியில் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இன்னும் மூன்று பச்சை வட்டம் துள்ளிக்கொண்டிருந்தால் எது குறி, எது எழுத்து? விட்டுவிட்டோம்.

பெட்டியின் முதுகு

முதுகுப் பக்கம் சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, எது வரை சாப்பிடலாம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் வர வேண்டும். அதையும் அதே ஜாலி எழுத்தில் போடலாமே என்ற பேச்சு வந்தது. பேச்சை அங்கேயே நிறுத்தினேன். அலங்கார எழுத்து இரண்டு மூன்று சொல்லுக்கு ஆனது. பெரிதாக நிற்க வேண்டும், சுற்றி வெற்றிடம் வேண்டும். எட்டு பாயிண்டில் 'கோதுமை மாவு, சர்க்கரை' என்று அது எழுத ஆரம்பித்தால், கல்யாண வீட்டுக் கோமாளி வந்து கணக்கு வாசிக்கிற மாதிரி இருக்கும். முக்த மலர் போட்டோம். அமைதியான எழுத்து, எக் டைப்பினுடையதே. சின்ன அளவில் சுழிகள் அடைபடுவதில்லை.

அதிலும் ஒரு கூத்து நடந்தது. கோயம்புத்தூரில் ஓர் அச்சகம். விலையை மாற்ற வேண்டும் என்று சொன்னதும், அவர்கள் என் கோப்பை அவர்களுடைய பழைய மென்பொருளில் திறந்து தாங்களே தட்டினார்கள். அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தமிழைச் சேர்த்துக் கோக்கத் தெரியாது. 'கோதுமை'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, கால் தனியாகக் கிடந்தது, மை-யின் கொம்பு அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, பிளேட் போடும் முன் போட்டோ அனுப்பினார்கள். அன்றிலிருந்து அச்சகத்துக்கு எது போனாலும் எல்லா எழுத்தையும் கர்வாக, அதாவது தட்டித் திருத்த முடியாத வெறும் கோட்டு உருவமாக, மாற்றித்தான் அனுப்புகிறேன். விலை மாறினால் எனக்கு ஒரு போன் போடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பெட்டி மாசிக் கடைசியில் வந்தது. பெரியவர் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து பார்க்காமல், 'க்' மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "உதிருற மாதிரி இருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள் தேங்காய் பன்னுக்கும் ஒரு லேபிள் வேண்டும் என்று போன வாரம் அக்கா கேட்டார். இதற்கும் கையால் வரைய வேண்டுமா என்ற தயக்கம் அவர் குரலில். வேண்டாம் அக்கா, பன்னுக்குத் தம்பியே போதும் என்று சொல்லி, சாயங்காலமே தடித்த தடிமனில் போட்டு அனுப்பிவிட்டேன்.